பெரட்டுல 42 பேரு நிக்கிறாங்க, ஒருத்தரையும் எனக்குத் தெரியல

#1 செம்பனைத்தம்பி

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவுல பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் பக்கம் பாமாயில் எடுக்கற ஒரு செம்பனைத் தோட்டத்துல சூப்பர்வைசரா ஏறி மூணு மாசம் ஆச்சு. தோட்டம் பேரு வேணாம். அதுக்கு முன்னாடி ஆலையில லாரித் தராசுல கணக்கு எழுதிக்கிட்டு இருந்தேன். லாரி நம்பர் மனப்பாடமா தெரியும். ஆளுங்களோட பழகற வேலை இதான் மொதல்.

காலையில பேரு கூப்பிடற பெரட்டுல 42 பேரு. இந்தோனேசியா லோம்போக் 17, வங்காளதேசம் 14, நேப்பாளம் 5, நம்மாளுங்க 6. வந்த மொத வாரமே கூட்டம் போட்டு, "எந்தப் பிரச்சினைன்னாலும் என்கிட்ட வாங்க, ஆபீஸ் கதவு தொறந்தே இருக்கும்"னு மலாய்ல சொன்னேன். எல்லாரும் தலையாட்டுனாங்க. மூணு மாசத்துல அந்தக் கதவு வழியா வந்தது ஒரு பூனையும், உரம் விக்கிற ஏஜெண்டும்தான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். வங்காளதேசத்துப் பையன் ஒருத்தன், குலை வெட்டற ஆளு. இடது கையில எப்பவும் கையுறை போட்டிருப்பான். வேலை முடிஞ்சு டீ குடிக்கிறப்பவும் கழட்ட மாட்டான். ஏதோ பழக்கம்னு நான் விட்டுட்டேன். போன செவ்வாக்கிழமை பெரட்டுக்கு வரல. போய்ப் பார்த்தா காய்ச்சல்ல சுருண்டு கெடக்கான். கையுறையைக் கழட்டுனா நடுவிரல் கணுவுல செம்பனை முள்ளு ஒடிஞ்சு உள்ளயே இருக்கு. விரலு கத்தரிக்கா மாதிரி வீங்கி மினுமினுங்குது. பதினோரு நாளாம்! கூட இருக்கிற பதிமூணு பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியல.

ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு, விரலு தப்பிச்சுது. ஆனா எனக்குத் தூக்கம் வரல. கீழ வேலை செய்யறவங்களை ஒருத்தன் எப்படித் தெரிஞ்சுக்கறது? ஆபீஸ்ல கேட்டா, "டீம் பில்டிங் வைப்போம், பலூன் ஒடைக்கிற கேம் நல்லா இருக்கும்"ங்கறாங்க.

#2 லிந்தாங்_மாமா

டுரியான் சீசன் வரட்டும் தம்பி. ஒரு வேன் நெறைய வாங்கிப் போடு. எட்டிப் பார்க்காதவனும் வந்து உக்காருவான். தின்னுட்டுப் பேசாம எந்திரிச்சுப் போயிடுவான், அது வேற கதை.

#3 கிராணி_மகள்

தம்பி, எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பெரிய கிராணியா, அதான் கணக்குப்பிள்ளையா இருந்தவரு. நான் பால் நிறுக்கிற ஸ்டோர்லயே வளர்ந்தேன்னு சொல்லலாம். அவரு உங்க மாதிரி கூட்டமெல்லாம் போட்டதில்ல. பேச்சே கம்மி. ஆனா தோட்டத்துல எந்த வீட்டுல அடுப்பு எரியல, எவன் வீட்டுல சண்டைன்னு அவருக்குத் தெரியும்.

எப்படின்னு நான் ரொம்ப நாள் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சேன். காலையில அஞ்சரை மணி பெரட்டுல பேரு கூப்பிடும்போது மத்த கிராணிங்க செக்ரோல்ங்கற வருகைப் புஸ்தகத்தைப் பார்ப்பாங்க. இவரு புஸ்தகத்தைக் கையில வச்சுக்கிட்டு ஆளுங்க காலைப் பார்ப்பாரு. பேரெல்லாம் மனப்பாடம், புஸ்தகம் சும்மா பேருக்குத்தான். யாரு செருப்பு பிஞ்சிருக்கு, யாரு நொண்டறாங்க, யாரு நேத்து உடுத்துன சேலையோடவே வந்து நிக்கறாங்க, எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்துல பார்த்துடுவாரு.

அப்புறம் பதினொரு மணிக்கு ஸ்டோர். காண்டாவுல, அதான் தோள்ல வைக்கிற கம்புல, ரப்பர் பாலைத் தூக்கிக்கிட்டு வருவாங்க. நிறுத்த பிறகு மெட்ரோலாக் போடுவாங்க. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், அது பால்ல மிதக்கிற ஒரு கோல். ரப்பர் தண்ணியை விட லேசு. அதனால பால் கெட்டியா இருந்தா கோல் உள்ள எறங்கும், தண்ணி கலந்திருந்தா மேல தூக்கிக்கிட்டு நிக்கும். காய்ஞ்ச ரப்பர் எவ்வளவு தேறும்னு அதுலதான் பார்த்து எழுதுவாங்க. சம்பளமே அதுலதான்.

ஒரு அக்கா. பேரு வேணாம். நல்ல வெட்டுக்காரி, பட்டையில ஒரு காயம் இருக்காது அவங்க நெரையில, அதான் அவங்க வெட்டற மர வரிசையில. ஒரு வாரமா அவங்க வாளியில கோல் மேலயே நிக்குது. வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பார்த்துட்டு, "தண்ணி ஊத்தியிருக்கா, வெட்டுங்க கூலியை"ன்னு சத்தம் போட்டாரு. அப்பா கோலைத் தூக்கித் தொடச்சாரு. திரும்பவும் போட்டாரு. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு, "எத்தனை மரம் விட்டுட்டு வந்தே?"ன்னு மெதுவா கேட்டாரு. திட்டல. தண்ணி ஊத்துனியான்னும் கேக்கல. அந்த அக்கா அப்படியே முந்தானையில முகத்தைப் பொத்திக்கிட்டாங்க. நூறு மரமாம். பிள்ளைங்களை விட்டுட்டு வர்ற ஆயாக்கொட்டகையில பால்குடிப் பிள்ளைக்கு வயித்தால போவுதுன்னு நடுவுல ரெண்டு தடவை ஓடிப் போய்ப் பார்த்துட்டு வந்திருக்காங்க. கொறைஞ்ச பாலைத் தண்ணியால ரொப்பியிருக்காங்க.

அப்பா அன்னிக்குக் கோல் காட்டினதைத்தான் எழுதினாரு, கூட்டி எழுதல. அதையும் சொல்லணும். ஆனா மறுநாள் அந்த அக்காவுக்கு ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்து நெரை கெடைச்சுது.

உங்க பையன் கையுறையைப் பார்த்திருக்கீங்க, தம்பி. பார்த்துட்டு பழக்கம்னு முடிவு பண்ணிட்டீங்க. அங்கதான் தவறிப் போச்சு.

#4 நெரைநாலு

அக்கா எழுதினது மனசைத் தொட்டுச்சு. ஆனா ஒரு கல்லைப் போடறேன், கோவிச்சுக்காதீங்க.

ஆளுங்களைத் தெரிஞ்சு வச்சிருந்தவங்கன்னா, நம்ம வரலாத்துல கங்காணியை விட யாரு? தன் சொந்த ஊருல இருந்து, தன் சொந்தக்காரன், பக்கத்துத் தெருக்காரன்னு பார்த்துப் பார்த்துக் கப்பல் ஏத்திக் கூட்டிக்கிட்டு வந்தவரு. யாரு என்ன சாதி, எவன் எவ்வளவு கடன், எவன் யாரை இழுத்துக்கிட்டு வந்தான், எல்லாம் அத்துபடி. ஒரு ஆளு வேலைக்கு வந்தா நாளுக்கு இவ்வளவுன்னு அவருக்குத் தலைக்காசு. அதனால காய்ச்சக்காரனையும் தட்டி எழுப்பிப் பெரட்டுல நிறுத்துவாரு. அவருக்குத் தெரிஞ்சதெல்லாம் நம்மாளு கழுத்துல கயிறு. 1938ல இந்திய அரசாங்கம் தொழிலாளி அனுப்பறதை நிறுத்தின பிறகுதான் அந்த ஆள்பிடிப்பு ஓய்ஞ்சுது.

வெள்ளைக்காரத் துரைமாருங்க? 1919ல ஆரம்பிச்ச அவங்க சங்கம் தமிழ்ப் பரீட்சையே நடத்துச்சு. சின்ன துரையா வர்றவன் தமிழ் படிச்சாகணும். படிச்சான். என்ன தமிழ்? வா, போ, வெட்டு, ஓடு, ஏன் லேட்டு. அந்தத் தமிழ்ல ஒரு ஆளுக்கிட்ட "வலிக்குதா"ன்னு கேக்க முடியாது.

1941ல கிள்ளான்ல தோட்டத் தொழிலாளிங்க வேலைநிறுத்தம். ஆர்.எச்.நாதன் முன்னால நின்னாரு. கோரிக்கைப் பட்டியல்ல என்ன இருந்துச்சு? சம்பளம், வைத்தியம், பள்ளிக்கூடம், கள்ளுக்கடையை மூடறது, பொம்பளைங்க மேல கை வைக்கிறதை நிறுத்தறது. அதோட சேர்த்து ஒண்ணு: துரை முன்னாடியும் கிராணி முன்னாடியும் சைக்கிள்ல இருந்து எறங்காம போக அனுமதி. பாருங்க, "கிராணி முன்னாடியும்"! தினம் தினம் முன்னால சைக்கிளை விட்டு எறங்குற மனுசன் மனசுல என்ன ஓடுதுன்னு மேல இருந்த யாருக்குமே தெரியல. பட்டியலாக் குடுத்த பிறகும் காது குடுக்கல. மே மாசம் நாதனைப் புடிச்சு உள்ள போட்டு நாடு கடத்துனாங்க, பட்டாளம் வந்துச்சு, துப்பாக்கிச் சூட்டுல ஆளுங்க செத்தாங்க.

அதனால தெரிஞ்சுக்கறது எப்படிங்கறதுக்கு முன்னாடி, தெரிஞ்சு என்ன பண்ணப் போறோம்னு கேக்கணும். தம்பியைச் சொல்லல. பொதுவாச் சொல்றேன்.

#5 கிராணி_மகள்

கிராணி முன்னாடியும்னு நீங்க அழுத்திச் சொன்னது புரியுது தம்பி. எங்கப்பா முன்னாடியும் எறங்கியிருப்பாங்க. நான் சின்னப் பிள்ளை, அதையெல்லாம் கவனிச்சதில்ல. இப்ப நெனச்சுப் பார்த்தா எறங்கித்தான் தள்ளிக்கிட்டுப் போனாங்க, அந்தப் போராட்டம் முடிஞ்சு எவ்வளவோ வருசம் கழிச்சும்.

#6 அலுவலகப்பூனை

நான் ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையில மனிதவளப் பிரிவுல இருக்கேன். பலூன் கேம் ஐடியாவுக்கு எங்க கூட்டத்து சார்பா மன்னிப்பு.

ஆனா சில நடைமுறை விஷயம் கேட்டே ஆகணும். ஒண்ணு, அந்த முள்ளு வேலைக் காயம். 2019 ஜனவரியில இருந்து வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் சொக்சோவோட, அதான் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தோட, வேலைக்காயத் திட்டம் உண்டு. விபத்துன்னா முதலாளி 48 மணி நேரத்துக்குள்ள தெரிவிக்கணும். தெரிவிச்சீங்களா? ரெண்டு, அவங்க பாஸ்போர்ட் யாருகிட்ட இருக்கு? அடுத்தவன் பாஸ்போர்ட்டைக் காரணமில்லாம எடுத்து வச்சுக்கறது 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குத்தம். ஆபீஸ் அலமாரியில பூட்டி வச்சுட்டு "என் கதவு தொறந்திருக்கு"ன்னா யாரு வருவா?

இன்னொண்ணும் சொல்லணும். எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணும்னு துடிக்காதீங்க. வீட்டு விஷயம், கடன், காதல் இதெல்லாம் உங்க வேலை இல்ல. ஒரு கருத்துப் பெட்டி வைங்க, பேரு போடாம எழுதிப் போடட்டும்.

#7 நெரைநாலு

பெட்டியா! 1952, தஞ்சோங் மாலிம். பக்கத்துல கம்யூனிஸ்ட்காரங்க பதுங்கித் தாக்கினதுல 12 பேரு செத்தாங்க. பிரிட்டிஷ் ஹை கமிஷனர் டெம்ப்ளர் வந்தாரு, ஊரையே நிக்க வச்சுத் திட்டுனாரு, ஒரு நாளைக்கு 22 மணி நேரம் ஊரடங்கு, அரிசிப் பங்கைக் கொறைச்சாரு. அப்புறம் வீட்டுக்கு ஒரு தாளு. தெரிஞ்சதை எழுது, பேரு வேணாம். பெட்டியில போட்டு, கோலாலம்பூருக்குக் கொண்டு போயி, ஊர்க்காரங்க சில பேரை வச்சுக்கிட்டே தொறந்தாரு. அதுக்கப்புறம் ஆளுங்களைப் புடிச்சாங்க. மலாயாவுல பெட்டின்னா எனக்கு அந்த ஞாபகம்தான்.

#8 அலுவலகப்பூனை

அது அவசரகாலம் அண்ணே. எங்க தொழிற்சாலைப் பெட்டியைக் கொண்டு போயி டெம்ப்ளர் பக்கத்துல வச்சா எப்படி?

சரி, உண்மையைச் சொல்லிடறேன். எங்க பெட்டியில மொத ரெண்டு மாசம் விழுந்தது மிட்டாய்த் தாளு. அப்புறம் யாரோ கோணல்மாணலா எழுதிப் போட்டிருந்தாங்க: பொம்பளைங்க கழிவறையில கடைசி விளக்கு எரியல, ராத்திரி ஷிப்டுல பயமா இருக்கு. மறுநாள் சாயங்காலத்துக்குள்ள விளக்கு மாட்டிட்டோம். அந்த வாரமே ஆறு சீட்டு. ரெண்டு சீட்டுல சூப்பர்வைசர் ஒருத்தர் கையைப் பத்தி இருந்துச்சு. மூணாவது ஷிப்டுல அவரு பொம்பளைங்க தோளைத் தொட்டுத் தொட்டுப் பேசறாராம். அந்த விளக்கு மாட்டலைன்னா அது எங்களுக்கு என்னிக்கும் தெரிஞ்சிருக்காது.

#9 வெள்ளைப்பலகை

தமிழ்ப்பள்ளி ஆசிரியை. சுங்கை சிப்புட்டில் பணிக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல்.

#8 எழுதியவரின் விளக்கைப் படித்ததும் இந்த ஊர்க்காரர் ஒருவர் நினைவுக்கு வந்தார். சம்பந்தன் இங்கேயே பிறந்தவர், 1919இல். தந்தை வீராசாமி ரப்பர்த் தோட்டம் வைத்திருந்தவர். முதலாளி வீட்டுப் பிள்ளை, படித்தவர், 1955இல் ம.இ.கா. என்ற இந்தியர் கட்சியின் தலைவர், பின் அமைச்சர். தோட்டத் துண்டாடல் தொடங்கியபோது வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போன தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோயின. வேலை போனால் வீடும் போகும். ஏனென்றால் வீடு தோட்டத்தினுடையது. அப்போது 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி (டாலர்) கொடுங்கள், நாமே தோட்டம் வாங்கலாம் என்று கேட்டார்.

என் அப்பத்தா கொடுத்தவர். "அமைச்சருன்னு குடுக்கலடீ. எங்கிட்ட பத்து வெள்ளி இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் குடுத்தேன்" என்பார். எல்லாரும் தோட்டக்காரனிடம் எதுவும் இல்லை என்றுதான் பேசுவார்களாம். இல்லாதவன் என்று பேசிப் பரிதாபப்பட்டவர்களுக்கு நடுவே, இவளால் பத்து வெள்ளி மிச்சம் பிடிக்க முடியும் என்று கணக்குப் போட்டு வந்து நின்ற ஆள் அவர். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கிய சேதி வந்தபோது அப்பத்தா, "அங்க ஒரு மரம் என்னுது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாராம். எந்த மரம் என்று தாத்தா கேலி செய்வார்.

செம்பனைத்தம்பி, அந்தப் பையனுக்கு என்ன வலிக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். அவனுக்கு என்ன தெரியும், எதில் கெட்டிக்காரன் என்றும் பாருங்கள். வகுப்பிலும் அப்படித்தான். ஒரு பையன் ஏன் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று நான் ஆறு மாதம் துருவினேன், வாயே திறக்கவில்லை. அவன் சைக்கிள் செயின் மாட்டுவதில் சூரன் என்று தெரிந்து என் சைக்கிளைக் கொடுத்தேன். கையில் கிரீஸோடு அவனாகவே அப்பா போன கதையைச் சொன்னான்.

#10 நெரைநாலு

டீச்சர், சங்கத்துல பங்கு வச்சிருந்தவங்க எல்லாருக்கும் உங்க அப்பத்தா மாதிரி சந்தோசமான கதை இருக்காது. ஆனா அந்தக் கணக்கு விஷயம் சரி. ஒத்துக்கறேன்.

இந்த ஊருலயே இன்னொருத்தரையும் சொல்லணும். டாக்டர் ஜெயக்குமார். தோட்டத்து சனங்களோட பல வருசம் வேலை செஞ்ச பிறகுதான் 1999ல தேர்தல்ல நின்னாரு. தோத்தாரு. 2004லயும் தோத்தாரு. தோத்த பிறகும் போய்க்கிட்டே இருந்தாரு. 2008ல ம.இ.கா. தலைவர் சாமிவேலுவையே ஜெயிச்சாரு.

#11 லிந்தாங்_மாமா

அப்ப 1974ல இருந்து 2008 வரைக்கும் 34 வருசம் தொகுதியைக் கையில வச்சிருந்தவரு ஆளுங்களைத் தெரியாமலா ஜெயிச்சாரு? நீ சொல்றது நல்லாத்தான் இருக்கு, ஆனா…

#12 நெறியாளர்

கட்சிப் பேச்சுக்குத் தனி இழை இருக்கிறது. மாமா, உங்களுக்குத்தான். #11க்கான பதில்கள் மூன்றை அங்கே மாற்றிவிட்டேன்.

#13 ஜூரோங்_வெல்டர்

எல்லாரும் மேல நிக்கிறவங்க பக்கம் இருந்தே பேசறீங்க. நான் கீழ நின்னவன். சிங்கப்பூர் கப்பல் பட்டறையில ஏழு வருசம்.

மொத போர்மேன் நம்ம தமிழர்தான். ரொம்ப நல்ல மனுசன். ஞாயித்துக்கெழமை பொட்டலம் கட்டிக்கிட்டு நாங்க தங்கியிருக்கிற ரூமுக்கே வருவாரு. அவரு வர்றாருன்னு சேதி வந்தா எங்களுக்கு வேலை ஆரம்பம். கரண்ட் அடுப்பை ஒளிக்கணும், கைலியை மாத்தணும், மொதநாள் ராத்திரி குடிச்ச புட்டியை அப்புறப்படுத்தணும். அவரு கட்டில்ல உக்காருவாரு, நாங்க எட்டு பேரும் நின்னுக்கிட்டே இருப்போம். "என்னப்பா எல்லாம் சரியா?" "சரிண்ணே." அரை மணி நேரம். எங்களோட ஒரே லீவு நாள்ல அரை மணி நேரம் அவருக்குப் போச்சு. அவரு எங்களைத் தெரிஞ்சுக்கிட்டதா நெனச்சுக்கிட்டு சந்தோசமாப் போவாரு.

ரெண்டாவது போர்மேன் சீனரு. என் பேரு அவரு வாயில நொழையாது, பாதியில நிறுத்திடுவாரு. நான் கல்யாணம் ஆனவனான்னு ஒரு தடவை கூட கேட்டதில்ல. ஆனா ஒரு நாள் கீழ டேங்க்ல வெல்டிங். எங்கம்மா செத்த சேதி மொதநாள் ராத்திரி வந்திருந்துச்சு. டிக்கெட் மத்தியானத்துக்குத்தான். ரூம்ல தனியா உக்கார முடியாம வேலைக்குப் போயிட்டேன். யாருகிட்டயும் சொல்லல. அவரு மேல இருந்து குனிஞ்சு பார்த்தாரு. என் வெல்டிங் கோடு எப்படிப் போவுதுன்னு பார்த்திருக்காரு. எறங்கி வந்து டார்ச்சைக் கையில இருந்து வாங்கி, "நீ மேல போ, கயிறு புடி"ன்னாரு. ஏன்னு கேக்கல. அன்னிக்கு நான் அந்த டேங்க்ல இருந்திருந்தா என்ன ஆயிருப்பேனோ தெரியாது.

வேலை தெரிஞ்ச தலைவனுக்கு வேலையிலயே ஆளு தெரிஞ்சுடும். வீட்டுக்கெல்லாம் வர வேணாம்.

#14 கிராணி_மகள்

இதைப் படிச்சுட்டு ரெண்டு நிமிசம் போனைக் கீழ வச்சுட்டேன் தம்பி.

எங்கப்பாவும் யாரு வீட்டுக்கும் போக மாட்டாரு, சாவு வீட்டைத் தவிர. சாவுக்கு மட்டும் மொத ஆளாப் போயி கடைசி ஆளா வருவாரு.

#15 நெரைநாலு

செம்பனைத்தம்பி, ரெண்டு நாளா ஆளைக் காணோம். ஒரு கேள்வி கேக்கணும்னு இருந்தேன். அந்த வங்காளதேசத்து ஆளுங்க 14 பேரு. உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல யாரு நிக்கிறாங்க? யாராவது ஒருத்தன் நிப்பான். அவனை எப்பவாவது பார்த்தீங்களா?

#16 செம்பனைத்தம்பி

அண்ணே, எப்படிண்ணே தெரிஞ்சுது?

இருக்கான். கெப்பாலான்னு கூப்பிடுவாங்க. பத்து வருசமா இங்க இருக்கான், மலாய் சரளமாப் பேசுவான், எனக்கு ரொம்ப ஒத்தாசை. லீவு வேணும்னா அவன் மூலமா, சாமான் வேணும்னா அவன் மூலமா. அன்னிக்குக் கூட்டத்துல நான் மலாய்ல சொன்னதைப் புதுசா வந்தவங்களுக்கு அவன்தான் சொன்னான். கதவு தொறந்திருக்குன்னு நான் சொன்னேன். அவன் என்ன சொன்னான்னு இப்பதான் தெரிஞ்சுது. "கொறை சொல்றவன் பேரை இவரு எழுதி வச்சுக்குவாரு, பர்மிட் புதுப்பிக்கும்போது பார்ப்பாங்க."

சொன்னது யாருன்னா, ஆயிரம் தடவை நான் கவனிக்காம தாண்டிப் போன ஒரு ஆளு. ஜூரோங் அண்ணன் எழுதினதைப் படிச்சுட்டு, அவங்க தங்கற எடத்துக்குப் போக இருந்ததை விட்டுட்டேன். பேசாம மூணு நாள் காலையில ஏழு மணியில இருந்து பத்து மணி வரைக்கும் உதிரிப்பழம் பொறுக்கப் போனேன். சூப்பர்வைசர் பொறுக்கறதைப் பார்த்து மொத நாள் சிரிச்சாங்க. நியாயம்தான், நான் ஒரு சாக்கு ரொப்பறதுக்குள்ள அவங்க மூணு ரொப்பிட்டாங்க. குலை விழுந்த வேகத்துல பழம் முள்ளுக்குள்ளயும் மட்டை இடுக்குலயும் தெறிச்சுப் போவுது. கையுறை போட்டா விரலு நொழையாது, கழட்டுனா முள்ளு குத்துது. ரெண்டாவது நாளே என் கையில நாலு எடத்துல குத்தி ஒடிஞ்சுது. பக்கத்துல பொறுக்கிக்கிட்டிருந்த வயசானவரு, வங்காளதேசம்தான், பேசாம வந்து என் கையைப் புடிச்சு, ஊசியால நெம்பி எடுத்தாரு. சட்டைக் காலர்ல ஊசி குத்தியே வச்சிருக்காரு! எல்லாரும் வச்சிருக்காங்க. மூணு மாசமா அவங்க காலரைப் பார்த்திருக்கேன், ஊசியைப் பார்த்ததில்ல.

மூணாவது நாளுதான் அவரு மெதுவா ஆரம்பிச்சாரு. பாதி மலாய், பாதி கையால. கெப்பாலாவுக்கு ஆளுக்கு மாசம் இவ்வளவுன்னு போவுதாம். ஊர்ல ஏஜெண்டுக்குக் குடுத்த கடன் தனி. கையில காயம்னு ஆபீசுக்குத் தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு கெப்பாலா சொல்லி வச்சிருக்கானாம். அதான் கையுறை.

ஆளுக்கு இவ்வளவு. படிச்ச உடனே தோணியிருக்குமே உங்களுக்கு. #4ல அண்ணன் எழுதின தலைக்காசு.

சொக்சோவுக்கு லேட்டாத்தான் தெரிவிச்சோம், அக்கா. பாஸ்போர்ட் விஷயம் மேனேஜர்கிட்ட எழுத்துல கேட்டிருக்கேன். கேட்டதுக்கே மொறைப்பு.

#17 லிந்தாங்_மாமா

கெப்பாலான்னா மலாய்ல தலை. தலைக்காசுன்னு அப்படியே இருக்கு பாரேன். கங்காணி செத்துட்டான்னு யாருய்யா சொன்னது?

#18 அலுவலகப்பூனை

அவசரப்பட்டு அவனை நிக்க வச்சுக் கேட்டுடாதீங்க தம்பி! யாரு சொன்னதுன்னு அஞ்சு நிமிசத்துல கண்டுபிடிச்சுடுவான். அடி அந்த வயசானவருக்குத்தான் விழும். மொதல்ல லீவு, கிளினிக், சாமான் மூணும் அவன் கை வழியாப் போறதை நிறுத்துங்க. எல்லாருக்கும் பொதுவா, புது முறைன்னு சொல்லி. பணத்தைப் பத்தின புகார் தனியா, அந்தப் பதினாலு பேரும் சேர்ந்து பேசத் தயாரா இருக்கும்போது.

#19 நெரைநாலு

பூனை சொல்றது சரி. நான் பெட்டியைப் பத்திப் பேசினதுக்கு இதை வச்சு சமன் பண்ணிக்குங்க.

தம்பி, ஒண்ணு கேக்கறேன். நடுவுல ஆளு இல்லாம பேசணும்னா உங்களுக்கு அவங்க பேச்சுல என்ன தெரியும்?

#20 செம்பனைத்தம்பி

சொல்ல வெக்கமா இருக்கு. "தாராதாரி." சீக்கிரம்னு அர்த்தம். "காஜ்", வேலை. அவ்வளவுதான்.

#21 நெரைநாலு

சின்ன துரை பரீட்சையில பாஸ்.

#22 கிராணி_மகள்

பாவம், அந்தப் பிள்ளையை விடுங்க தம்பி. கேட்டா சொல்லிக் குடுக்கறவங்க இங்க இருக்க மாட்டாங்களா?

#23 ஊசிக்காரி

இருக்கேன் அக்கா. கிளினிக்ல வேலை, வங்காளதேசத்துப் பையனுங்க நெறைய வருவாங்க. இது வரைக்கும் படிச்சுக்கிட்டு மட்டும் இருந்தேன்.

தம்பி, எழுதிக்குங்க. "கொத்தாய் பேத்தா?" எங்க வலிக்குதுன்னு அர்த்தம். நான் காதால கேட்டுக் கத்துக்கிட்டது, உச்சரிப்பு முன்னப்பின்ன இருக்கும். "பய் நாய்", பயப்பட வேணாம். இது ரெண்டுக்கே முகம் மாறிடும் பாருங்க.

#24 லிந்தாங்_மாமா

பேத்தாவைப் பேத்தியாக்கி, எங்கய்யா உன் பேத்தின்னு கேட்டுட்டு வந்துடாதே.

#25 செம்பனைத்தம்பி

நாலு நாள் கழிச்சு எழுதறேன். இன்னிக்குக் காலையில இருந்து மழை, அறுவடை இல்ல, ஆபீஸ்ல உக்காந்திருக்கேன்.

புது முறை போன திங்கக்கெழமையில இருந்து. கிளினிக் சீட்டு நானே எழுதிக் குடுக்கறேன், பெரட்டு முடிஞ்சதும் மேசையைக் கொட்டகைக்கு வெளிய போட்டு. கெப்பாலா மொகம் சரியில்ல. பாஸ்போர்ட்டுக்கு இன்னும் பதில் வரல, திரும்பவும் எழுதியிருக்கேன்.

முள்ளு எடுத்த அந்தப் பையன் கட்டோட வந்து நின்னான். கட்டைப் பார்த்து "கொத்தாய் பேத்தா?"ன்னேன். வாயை மூடிக்கிட்டு சிரிச்சான். திரும்பவும் சொல்லச் சொன்னான். சொன்னேன். இல்லன்னு தலையாட்டி, நாக்கை எங்க வைக்கணும்னு அவனே சொல்லிக் காட்டினான். மூணாவது தடவைதான் எனக்கு வந்துச்சு. பின்னால வரிசையில நின்ன நாலு பேரும் கூடவே சொல்லிச் சிரிக்கிறாங்க.

அப்புறம் அவன் கட்டுப் போட்ட கையைக் காட்டல. வாயைத் தொறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டினான். எத்தனை நாளுன்னு விரலைக் காட்டிக் கேட்டேன். இருபது.

மழை விட்டதும் வேன்ல கூட்டிக்கிட்டுப் போறேன். ஊசிக்காரி அக்கா, பல்லுக்கு என்ன சொல்லுவாங்க?

#26 ஊசிக்காரி

"தாத்." மாமா, ஆரம்பிக்காதீங்க.